சாய்கோடு

பரதராமிச் சோதனைச்சாவடி. இரவு ஒன்று நாற்பது.
சித்தூரிலிருந்து வந்த லாரியில்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கோழி.
அந்தப் பக்கத்துப் படிவத்தில் அது கோழி இல்லை,
கோடி.
ரோட்டைத் தாண்டினால் நம் ழகரம்
டகரமாக இறுகிவிடுகிறது.

போன மாதம் எங்கள் கணினி
அதைத் தொகை என்று படித்தது.
ஆயிரத்துச் சொச்சம் கோடிக்குக் கட்டணம் போட்டு
ரசீதும் அடித்தது.
கால்நடைத்துறையில் யாரும் சிரிக்கவில்லை.
வேலூரிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

ஆகவே கோப்பின் தலையிலேயே சொல்லியாக வேண்டும்
இது யார் வீட்டுக் கோடி என்று.
xmlns. ஒட்டி ஒரு முக்காற்புள்ளி, ஒட்டி ஒரு முன்னொட்டு,
சமக்குறி,
மேற்கோள்குறிக்குள் பெயர்.
திறந்த மேற்கோளை மூட வேண்டும்.
முன்னொட்டு என் இஷ்டம். ஆ என்று வைத்தேன்.
பூசணிக்காய் என்று வைத்திருந்தாலும் இயந்திரம் கோபித்துக்கொள்ளாது;
மேற்கோளுக்குள் இருப்பதைத்தான்
எழுத்தெழுத்தாகப் பார்க்கும்.
பார்வைக்கு அது இணைய முகவரி.
போய்த் தட்டினால் அங்கே யாரும் இல்லை.
போவதற்கல்ல அது, கூப்பிடுவதற்கு.

ஓட்டுநர் கூண்டுக்குள் தலையை நீட்டினார்.
உரிமத்தில் மண்டிபள்ளி கங்குலப்பா.
மண்டிபள்ளி எங்கே என்று கேட்டேன்.
தெரியாது என்றார். அவர் அப்பாவும் பார்த்ததில்லையாம்.
இண்டிபேரு, அவ்வளவுதான்.

என் பெயருக்கு முன்னால் ஒரு தே.
அந்தப் புள்ளிக்குள் தேசப்பன் மடங்கிக் கிடக்கிறார்.
ஆம்பூரில் என்னோடு வேலை பார்த்தவளுக்கும் தே. தான்,
அவள் கோப்பில் அது தெய்வசிகாமணி.
சம்பளப் பட்டியலில் ஒருமுறை
அவள் பிடித்தம் என் தலையில் விழுந்தது.

கோடி என்ற உறுப்புக்கு அறிவிப்பு இல்லை
என்றது திரை.
இருக்கிறது.
முந்தாநாள், இதே ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து
நான்தான் அறிவித்தேன்.

வெளியே ஓடாத லாரி. காற்றில்லை.
கூண்டுகளில் சத்தம் குறைந்துகொண்டு வந்தது.
சத்தம் இருந்தபோதே தேவலை.

மேலிருந்து வாசித்தேன்.
ஸ்கீமாவின் சொந்தப் பெயர்வெளி சரி.
உள்ளே பிறக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டுப்பெயர் உண்டு
என்று எழுதியாயிற்று, சரி.
இலக்குப் பெயர்வெளி,
சரி என்று தாண்டிப் போய்
திரும்பி வந்தேன்.

கடைசியில் ஒரு சாய்கோடு.
அவர்கள் அனுப்பியதில் அது இல்லை.
என் கண்ணுக்கு ஒரே வீடு,
வாசலில் ஒரு குச்சி சாய்ந்திருக்கிறது, அதனால் என்ன?
இயந்திரத்துக்கு வேறு வீடு, வேறு தெரு, வேறு சாதிசனம்.

இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும்.
இலக்கில் அழித்து அறிவிப்பில் மறந்தால்
தான் பெற்றதையே தெரியாது என்று சொல்லும் கோப்பு.
அழித்தேன். இரண்டு முறை
ஒரே பொத்தான்.

பச்சை.

கட்டை உயர்வதற்குள் உதவியாளர் சென்னம்மா
டார்ச் அடித்துக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.
ஆறு போயிடுச்சு, எங்க எழுதுறது?
ஸ்கீமாவில் அதற்கு உறுப்பு இல்லை.
இரு மாநிலத்திலும் யாரும் கேட்கவில்லை, நானும் வைக்கவில்லை.
எண்ணிக்கை ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்றே
எல்லை கடந்தது.

சீட்டு வாங்கிட்டுப் போங்க என்றேன்.
அவசரம் லேது என்றார் கங்குலப்பா.
அவசரமில்லையாம். நிதானமாக
காகிதச் சுருளை மாற்றி, தேதி சரிபார்த்து
அச்சுக்குக் கொடுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது
கிருமிநாசினி ஈரத்தில் டயர்த்தடம்,
குடியாத்தம் பக்கம் சிறுத்துக்கொண்டு போகும் சிவப்பு விளக்கு.

அவர் பேச்சில் அவசரம் என்றால் தேவை.
வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.
தெரியும் எனக்கு. பேர்ணாம்பட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே தெரியும்,
பக்கத்து பெஞ்சு முழுக்கத் தெலுங்கு.

சீட்டு கையில் இருந்தது.
சூடு இன்னும் ஆறவில்லை.